அடுப்பில்லாமல் பிடித்த புரத உருண்டை நான்காம் நாள் கல்லாவது ஏன்?

"வேர்க்கடலை விழுது, பேரீச்சம்பழம், ஓட்ஸ், பட்டாணிப் புரதப் பொடி ஆகியவற்றைப் பிசைந்து, அடுப்பைத் தொடாமலேயே உருண்டை பிடிக்கிறேன். முதல் நாள் மெத்தென்று இருக்கிறது. நான்காம் நாள் பல் இறங்க மறுக்கிறது. அளவு மாறவில்லை, வைத்த இடமும் மாறவில்லை. வேறு எது மாறுகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மாறுவது நீரின் இருப்பிடம். அடுப்பில் வேகும் பண்டத்தில் சூடு நீரின் ஒரு பகுதியை ஆவியாக்கி வெளியேற்றுகிறது. மாவையும் வேகவைத்து இறுக்கிவிடுகிறது. சூடு படாத பண்டத்தில் இந்த இரண்டும் நடப்பதில்லை. உள்ளே போட்ட நீர் உள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் ஒரு பொருளை விட்டு இன்னொரு பொருளுக்கு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. உருண்டை உருண்டையாக நிற்பதற்கும் அந்த நீர்தான் காரணம், பின்னர் கல்லாவதற்கும் அதுவேதான் காரணம்.

முதலில் புரதக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 100 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 13 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் வேர்க்கடலை விழுதில் 25 கிராம். 100 கிராம் பேரீச்சம்பழத்தில் 2 கிராம். 20 கிராம் பூசணி விதையில் 6 கிராம். இவற்றை மட்டும் கலந்தால் 30 கிராம் உருண்டை ஒன்றுக்கு 4 கிராம் அளவே புரதம் கிடைக்கும். நூற்றுக்கு எண்பது பங்கு புரதமுள்ள பட்டாணிப் பொடி 60 கிராமும், அதை நனைக்க அதே அளவு நீரும் சேர்த்தால், அது ஆறரைக் கிராமை நெருங்கும். ஓட்ஸில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பட்டாணியில் அது தாராளம். பட்டாணியில் குறையும் மெத்தியோனின் என்னும் இன்னோர் அமினோ அமிலத்தை ஓட்ஸ் ஓரளவு ஈடுகட்டுகிறது. பேரீச்சம்பழத்தின் இனிப்பு பழத்திலிருந்து வந்ததென்றாலும் சர்க்கரை சர்க்கரைதான் என்பதையும், ஒவ்வோர் உருண்டையிலும் நூறு கிலோகலோரிக்கு மேல் இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரு கிண்ணத்தில் 100 கிராம் வேர்க்கடலை விழுதை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையோ வேறு எண்ணெயோ சேராத, கரண்டியில் எடுத்தால் நாடா போல வழியும் விழுதாக இருந்தால் நல்லது. அதில் ஒரே ஒரு தேக்கரண்டி நீரை விட்டு முள்கரண்டியால் கலக்குங்கள். நீர் சேர்த்தால் எதுவும் இளகத்தானே வேண்டும்? இது இளகாது. சில சுற்றுகளிலேயே பளபளப்பு மங்கி, விழுது திரண்டு, முள்கரண்டியைப் பற்றிக்கொண்டு கிண்ணத்தின் ஓரத்தை விட்டு விலகும். சற்று முன்பு வழிந்த அதே பொருளை இப்போது விரல்களால் உருட்ட முடியும்.

விழுதில் ஏறத்தாழ பாதி எண்ணெய். புரதமும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் அடங்கிய நுண்துகள்கள் அந்த எண்ணெயில் மிதக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்கிச் செல்வதால் விழுது ஓடுகிறது. நாம் விட்ட நீர் எண்ணெயில் கரையாது. ஆனால் துகள்களின் பரப்பில் ஒட்டிக்கொள்ள அதற்கு மிகுந்த விருப்பம். ஆகவே அது அருகருகே இருக்கும் இரண்டு துகள்களுக்கு இடையில் போய், குட்டிப் பாலம் போல அமர்கிறது. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலுள்ள பரப்பு இழுவிசை அந்தப் பாலத்தைச் சுருக்கப் பார்க்கிறது. சுருங்கும் பாலம் இரு துகள்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. இப்படிக் கணக்கற்ற பாலங்கள் சேர்ந்து வலையாகும்போது வழிந்த விழுது கெட்டிப்படுகிறது. உலர்ந்த மணலில் வீடு கட்ட முடியாது, ஈர மணலில் முடியும் என்பதற்கும் இதே காரணந்தான். அங்கே எண்ணெயின் இடத்தில் காற்று இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. இன்னும் நான்கைந்து கரண்டி நீர் விட்டுக் கலக்கினால் பாலங்கள் ஒன்றோடொன்று கலந்து பெருகி, நீரே சூழும் திரவமாகி, எண்ணெய் அதற்குள் துளிகளாகச் சிதறி, விழுது வெளிறிய குழம்பாக மறுபடியும் ஓடத் தொடங்கும்.

எரின் கூஸ், நோர்பர்ட் வில்லன்பாகர் என்னும் இருவர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் செய்த ஆய்வில் இந்தப் பாலங்களின் விசையை விரிவாக விளக்கி, 2011ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். துகள்கள் மிதக்கும் ஒரு திரவத்தில், அதனோடு கலக்காத இன்னொரு திரவத்தைச் சிறிதளவு சேர்த்தாலே அது கூழ்போல் நின்றுவிடுகிறது என்பதே அவர்கள் காட்டியது. பின்னர் இதே கருத்து கோகோத் துகள்கள் கலந்த எண்ணெயிலும் சோதிக்கப்பட்டது. "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டு இத்தகைய அடிப்படை ஆய்வுகளுக்கு நிதியை மறுப்பது பெருந்தவறு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன், துகளும் திரவமும் எப்படி நடந்துகொள்கின்றன என்ற அறிவு வண்ணப்பூச்சுக்கும் பயன்படும், உணவுக்கும் பயன்படும்.

உருண்டையில் இந்த நீரைக் கொண்டுவருவது பேரீச்சம்பழம். நன்கு உலர்ந்த பழத்திலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர் இருக்கிறது. பழத்தின் சர்க்கரை அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அரைத்த பழத்தை வேர்க்கடலை விழுதோடு பிசையும்போது கலவை சட்டென்று திரள்வதில், பழத்தின் பிசுக்கோடு நீர்ப்பாலங்களுக்கும் பங்குண்டு.

சிக்கல் தொடங்குவது புரதப் பொடியில். அது ஏறத்தாழ முற்றிலும் உலர்ந்த பொருள். அருகில் ஈரம் இருந்தால், இரு பக்கமும் சமநிலை வரும்வரை அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பொடியின் மீது முதலில் எண்ணெய் படிந்துவிட்டால் இந்த உறிஞ்சல் உடனே நடக்காமல் நாள்கணக்கில் நடக்கும். பழக்கூழ் நீரை இழந்து இறுகுகிறது. நீரைப் பெற்ற புரதத் துகள்கள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நான்காம் நாள் கல்லாகும் உருண்டையின் கதை இதுதான். எனவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் பொடியை நீரிலோ தாவரப் பாலிலோ குழைத்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள், பிறகு பழக்கூழ், அதன் பிறகு ஓட்ஸ், கடைசியாக வேர்க்கடலை விழுது. பொடி தன் தாகத்தை முன்னமே தீர்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓர் உணவில் நுண்ணுயிர்கள் வளருமா என்பதைத் தீர்மானிப்பது நீரின் மொத்த அளவு அன்று, அந்த நீர் எவ்வளவு தளையில்லாமல் இருக்கிறது என்பதே என ஆஸ்திரேலிய ஆய்வாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1950களில் நிறுவினார். தூய நீருக்கு 1 என வைத்தால், இந்த 'நீர்ச் செயல்திறன்' 0.6க்குக் கீழே போகும்போது எந்த நுண்ணுயிரும் பெருகாது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9க்கு மேல் வேண்டும். பழமும் கொட்டையும் மட்டும் சேர்ந்த உலர் உருண்டை பாதுகாப்பான எல்லைக்கு அருகில் நிற்கிறது. நாம் சேர்த்த நீர் அதை மேலே தள்ளுகிறது. ஆகவே நீர் விட்டுப் பிடித்ததைக் குளிர்பெட்டியில் வைத்து நான்கைந்து நாளில் முடித்துவிட வேண்டும், அல்லது உறையவைத்துவிட வேண்டும். கிருமியைக் கொல்லும் சூடு இங்கே இல்லாததால் கை கழுவுவது ஒப்புக்கான சடங்கு ஆகாது.

"சூடு படாத உணவில் புரதம் உயிரோடு இருக்கிறது" என்ற நம்பிக்கை இணையத்தில் உலவுகிறது. அது மூடநம்பிக்கை. எந்தப் புரதமானாலும் இரைப்பையின் அமிலம் அதன் மடிப்புகளைக் குலைத்துத்தான் செரிமானத்தைத் தொடங்குகிறது. பச்சைச் சோயாவை மட்டும் தின்ற எலிகள் சரியாக வளரவில்லை, வேகவைத்ததைத் தின்றவை நன்கு வளர்ந்தன என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர்களான ஆஸ்போர்னும் மெண்டலும் 1917லேயே காட்டினார்கள். செரிமான நொதியைத் தடுக்கும் பொருளைச் சூடு செயலிழக்கச் செய்கிறது. ஆகவே வேர்க்கடலை வறுத்ததாக இருக்கட்டும், ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் பதப்படுத்தித் தட்டையாக்கியதாக இருக்கட்டும். பச்சைக் கோதுமை மாவையோ பச்சைப் பயற்று மாவையோ கலக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே இறுகிப்போன உருண்டையைத் தூக்கி எறியும் முன் கால்மணி நேரம் வெளியே வைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் சேர்த்திருந்தால், அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசில் உருகுவது என்பதால், குளிர்பெட்டியில் உறைந்த கொழுப்பு இளகி உருண்டையும் மிருதுவாகும். அப்போதும் கல்லாகவே இருந்தால் இடம்பெயர்ந்த நீர்தான் காரணம். உதிர்த்து, உருண்டைக்கு அரைத் தேக்கரண்டி வீதம் வெந்நீர் தெளித்து, மூடி பத்து நிமிடம் வைத்து, மறுபடியும் பிடித்து அன்றைக்கே தின்றுவிடுங்கள்.