அரை லிட்டர் கோடு

குழந்தை அழுததும் பிரசவ அறையில் எல்லோருடைய கண்ணும் அதன் பக்கம் போய்விடும். தாய்க்கு மிக ஆபத்தான நேரம் தொடங்குவது அப்போதுதான்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்து ரத்தக்குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கால் மணி நேரத்துக்குள் உடம்பே வற்றிவிட வேண்டும். ஆனால் கருப்பைச் சுவரில் தசைநார்கள் நெடுக்கும் குறுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. ரத்தக்குழாய்கள் அந்தப் பின்னலின் இடுக்குகள் வழியாகத்தான் போகின்றன. தசை சுருங்கியதும் ஒவ்வொரு குழாயும் சுருக்குப் போட்டதுபோல் இறுகிவிடும். ரத்தம் உறைவதெல்லாம் அதற்குப் பிறகுதான். தசை களைத்துத் தளர்ந்துவிட்டால், சுருக்கு விழாது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கு முதல் காரணம் இதுதான். கிழிந்த காயம், உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துண்டு, ரத்தம் உறையாத கோளாறு எல்லாம் அடுத்த வரிசை.

கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் 2023-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்ததாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிடுகின்றன. பத்தில் ஒன்பதுக்கும் மேல் வருமானம் குறைந்த நாடுகளில். காரணங்களில் முன்னால் நிற்பது ரத்தப்போக்கு. இத்தனைக்கும் அதற்கு மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. பிறகு எங்கே இடறுகிறது?

கண்ணில். சுகப்பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலிட்டர் ரத்தம் போனால் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது வழக்கமான வரையறை. அதைப் பெரும்பாலும் பார்வையாலேயே மதிப்பிட்டு வந்தார்கள். ரத்தம் துணியில் ஊறும், பஞ்சில் ஒளியும், பனிக்குட நீரோடு கலந்து தரையில் ஓடும். அனுபவசாலிகளின் கண்ணும் இதில் ஏமாறும். அதிலும் போன ரத்தம் கூடக்கூட, மதிப்பீடு அதைவிடக் குறைவாகவே வரும். தாயின் உடம்பும் சேர்ந்து ஏமாற்றுகிறது. கர்ப்பத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் கூடியிருப்பதால், நிறைய இழந்த பிறகும் ரத்த அழுத்தம் சரியாக இருப்பதுபோல் காட்டும். காட்டாமல் போகும்போது நேரம் கடந்திருக்கும்.

இதற்குக் கிடைத்த தீர்வை விஞ்ஞானம் என்று சொல்லக்கூடக் கூச்சமாக இருக்கும். தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் முனை புனல்போல் குறுகிப் பையாகத் தொங்கும். பையில் அளவுக்கோடுகள். 300-ஐத் தொட்டால் உஷார், 500-ஐத் தொட்டால் சிகிச்சை. சிகிச்சை என்றால் ஒன்றைச் செய்துவிட்டு அது பலிக்கிறதா என்று காத்திருந்து அடுத்ததற்குப் போவதில்லை. வயிற்றின் மேலிருந்து கருப்பையைத் தேய்த்துவிடுவது, அதைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடாஸின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழியே சலைன், காயம் எங்கே என்ற பரிசோதனை ஆகிய ஐந்தையும் ஒரே மூச்சில் செய்துவிட வேண்டும்.

கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் இந்த முறையைச் சோதித்தார்கள். 'இ-மோட்டிவ்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, ரத்தப்போக்கை நிறுத்த வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பது, உயிரிழப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். இவற்றில் ஒன்றாவது நேர்ந்த தாய்மார் வழக்கமான முறையில் 4.3 சதவீதம், புதிய முறையில் 1.6 சதவீதம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறோர் எண். வழக்கமான முறை நடந்த மருத்துவமனைகளில், ரத்தப்போக்கு வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருடையதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. கோடு போட்ட பை வந்ததும் அது 93 சதவீதம் ஆனது.

ஆக்ஸிடாஸினுக்கு ஒரு பலவீனம் உண்டு. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் வீரியம் குறைந்துவிடும். மின்சாரம் நிலையில்லாத ஊர்களில் ஊசி போட்டும் பலன் இல்லாமல் போகலாம். அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெடோஸின் என்ற மருந்து, ஆக்ஸிடாஸினுக்குச் சளைத்ததல்ல என்று 2018-இல் பத்து நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது.

ஐந்தில் ஒன்றான டிரானெக்ஸாமிக் அமிலத்துக்குத் தனிக்கதை. உறைந்த ரத்தம் ஃபைப்ரின் என்ற புரத இழைகளால் ஆன வலை. அதை அரித்துக் கரைக்கும் நொதி, இழையில் உள்ள லைசின் என்ற கொக்கியைப் பிடித்துத்தான் ஏறும். இந்த மருந்து லைசின் போலவே வேடமிட்டு, நொதியின் பிடியை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது. வலை பிழைக்கிறது. ஆனால் பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உத்தாகோ ஒகமோட்டோவும் கணவர் ஷோசுகேயும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் உத்தாகோ. பெண்களுக்கு இடமில்லை என்ற சூழலில் ஆராய்ச்சி செய்தவர். 1962-இல் மருந்தைப் பற்றி வெளியிட்டார்கள். பிரசவ ரத்தப்போக்கில் அதைச் சோதிக்க வேண்டும் என்பது உத்தாகோவின் ஆசை. கோபே நகரில் மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டுப் பார்த்தார், யாரும் இசையவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் அந்தச் சோதனை நடந்தது. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே ரத்தப்போக்கால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முடிவு 2017 ஏப்ரலில் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், தன் 98-ஆவது வயதில், உத்தாகோ இறந்துபோயிருந்தார்.