டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் போன வாரம் பார்த்த வீட்டில் ஷவர் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி, மறுபடி மறுபடி கிரௌட் அடைத்திருந்தார்கள். அது போதாதென்று மூலைகளில் எல்லாம் சிலிக்கான் பசை. ஷவர் சுவருக்கு மறுபக்கம் படுக்கையறை அலமாரி. அதன் பின்பலகை ஊதி ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த பட்டுப் புடவைகளில் பூஞ்சணம். வீட்டுக்கார அக்கா கேட்டார்: "டைல்ஸ் எல்லாம் புதுசுதானே தம்பி, அப்புறம் எப்படித் தண்ணி இறங்குது?" பீனிக்ஸ், மெரேபேங்க், டோங்காட் என்று போகிற இடமெல்லாம் இதே கேள்விதான். அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீரைத் தடுப்பது டைல்ஸின் வேலை இல்லை. டைலின் மேல்முகம் தண்ணீரைக் குடிக்காது, சரி. ஆனால் டைலுக்கும் டைலுக்கும் நடுவில் இருப்பது சிமெண்ட் கிரௌட். அது புதிதாக இருந்தாலும் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் தண்ணீர் அதன் வழியே உள்ளே போகத்தான் செய்யும். சுவரும் தரையும் சேரும் மூலையோ சீக்கிரம் விரிசல் விடும். ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி அசைவதில்லை. எபாக்ஸி கிரௌட் போட்டால் இடுக்கு குடிக்காது, ஆனால் மூலை விரிசல் அப்போதும் வரும்.

உண்மையில் தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. ரப்பர் போலக் காய்கிற பூச்சு அது. மூலைகளில் துணிப்பட்டை வைத்து, சுவரில் மேலே ஏற்றி, கீழே வடிகால் வாய்க்குள்ளேயே இறக்கி அடிக்க வேண்டும். அது ஒழுங்காக இருந்தால், இடுக்கில் இறங்கிய தண்ணீர் பூச்சின் மேலேயே வாட்டத்தில் ஓடி வடிகாலுக்குப் போய்விடும். அது இல்லாவிட்டால், தண்ணீர் சுவருக்குள்தான் போகும். மேலே எத்தனை தடவை கிரௌட் மாற்றினாலும் சில வாரம் காய்ந்த மாதிரி தெரியும், பிறகு அதே கறை அதே இடத்தில் வரும். சிலிக்கானை அப்பினால் இன்னும் மோசம்: உள்ளே சேர்ந்த தண்ணீர் முன்பக்கம் வர வழியின்றிப் பின்சுவரைத் தேடிப் போகும். அந்த அலமாரிக்கு நடந்தது இதுதான்.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது: "2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஊறின சுவர், அதான் இன்னும் காயலை." அந்த மழை டர்பனைப் புரட்டிப் போட்டது உண்மை, பாதிக்கப்பட்ட வீடுகள் ஏராளம். ஆனால் குளியலறையை ஒட்டின ஒரே ஒரு திட்டு மட்டும் வருஷக்கணக்கில் ஈரமாகவே இருந்தால் அதற்கு வெள்ளம் காரணமில்லை. நம் ஊரில் ஜூன், ஜூலை மழை குறைந்த மாதங்கள். அப்போதும் அந்தக் கறை வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் தண்ணீர் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

எதையும் உடைப்பதற்கு முன் வரிசையாகச் சோதிக்க வேண்டும். வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் விடுங்கள். யாரும் டாய்லெட் ஃப்ளஷ் செய்யக் கூடாது. எண் நகர்ந்தால் அழுத்தத்தில் இருக்கிற குழாயில் எங்கோ கசிவு. கீசருக்குப் போகும் வால்வை மூடியதும் மீட்டர் நின்றால் கசிவு கீசரிலோ வெந்நீர்க் குழாயிலோ இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தின் அறுபதுகளில் கட்டின வீடுகளில் பழைய கால்வனைஸ் இரும்புக் குழாயோடு செம்பைச் சேர்த்த இடத்தை முதலில் சந்தேகப்படுவேன். அந்த இணைப்பில் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும்.

மீட்டர் நகரவில்லை என்றதும் "குழாயில் கோளாறே இல்லை" என்று சொல்கிற பிளம்பர்களும் உண்டு. பொறுங்கள். வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கிற மிக்சர் குழாயிலிருந்து ஷவர் தலை வரை சுவருக்குள் ஏறுகிற குழாயில் ஷவரைத் திறந்தால்தான் தண்ணீர் இருக்கும். அங்கே கசிந்தால் மீட்டர் சோதனையில் தெரியவே தெரியாது. ஷவர் தலையைக் கழற்றி, அந்த வாயை மூடி போட்டு அடைத்து, மிக்சரைச் சிறிது நேரம் திறந்து வைத்துப் பின்சுவரைப் பாருங்கள்.

அடுத்தது வடிகால். ஷவர் தரை நனையாமல், வாளித் தண்ணீரை நேராக வடிகால் வாய்க்குள் ஊற்றுங்கள். கசிந்தால் டிராப்பிலோ (வடிகாலுக்குக் கீழே நாற்றத்தைத் தடுக்கிற வளைவு) கழிவுக் குழாயிலோ கோளாறு. இல்லையென்றால் வடிகாலை இறுக அடைத்து, ஷவர் வாசல் திட்டின் உயரத்துக்குக் கீழே நிற்கும்படி தரையில் தண்ணீர் கட்டுங்கள். நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கிக் கறை நனைந்தால் தரைப் பூச்சு போயிற்று. கடைசியாகத்தான் சுவர்களில் தண்ணீர் அடித்துப் பார்ப்பது. ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாளாவது காய விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே காலையில் செய்தால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஈரமானி ஒன்றைச் சுவரில் குத்தி, அது சத்தம் போட்டதும் "எல்லாத்தையும் உடைக்கணும்" என்கிறவரை நம்பாதீர்கள். சுவரின் பழைய சிமெண்ட் பூச்சில் உப்புப் பூத்திருந்தால் அந்தக் கருவி ஈரம் என்றே காட்டும். வெப்பக் கேமராவும் தண்ணீரைக் காட்டுவதில்லை, சூட்டு வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. கருவிகள் எங்கே தேடலாம் என்று சொல்லும். எது கசிகிறது என்று முடிவு சொல்வது சோதனைதான்.

இனி வேலைத்தரம். நான் உடைத்துப் பார்க்கிற மோசமான ஷவர்களில் நிறைய, டிசம்பரில் கட்டட வேலைக்காரர்கள் எல்லாரும் விடுமுறை எடுக்கிற பில்டர்ஸ் ஹாலிடேக்கு முன்போ, தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் முன்போ அவசர அவசரமாக முடித்தவை. முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது, சில இடத்தில் இரண்டாவதே கிடையாது. மூலையில் துணிப்பட்டை இல்லை. பூச்சு வடிகாலுக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றிருக்கும். தரைக்கு வாட்டம் இல்லை. மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டராவது சரிந்தால்தானே தண்ணீர் ஓடும்? பசையை டைலின் பின்னால் நாலு உருண்டையாக அப்பி ஒட்டியிருப்பார்கள். நாணயத்தால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும், அந்தப் பொந்தில்தான் தண்ணீர் தேங்கும். எல்லாம் சரியாகச் செய்த ஷவரில்கூடக் கண்ணாடிக் கதவு மாட்ட வந்தவர் வாசல் திட்டில் துளை போட்டு, பூச்சைக் குத்திவிட்டுப் போயிருப்பார்.

தயவுசெய்து, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அந்த 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே நின்று பாருங்கள், பூச்சைப் படம் எடுத்து வையுங்கள். பி.ஐ.ஆர்.பி.யில் (பிளம்பிங் தொழில் பதிவு வாரியம்) பதிவான பிளம்பரிடம் அவர் செய்த வேலைக்கு இணக்கச் சான்றிதழ் கேளுங்கள். ஆனால் அதை வாட்டர்ப்ரூஃபிங்குக்கான சான்றாக எண்ணிவிடாதீர்கள். விசேஷத்துக்கு ஷவர் தயாராகாவிட்டால் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் குளித்துக்கொள்ளலாம்.

புது வீடு வாங்கினவர்கள் கவனிக்க: 1998-இன் வீட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டட அமைப்பின் பெரிய குறைகளுக்கு 5 வருடம், கூரைக் கசிவுக்கு 12 மாதம் கட்டினவர் பொறுப்பு. ஆனால் மற்ற வேலைக் குறைகளை 3 மாதத்துக்குள் கட்டினவரிடம் தெரிவிக்க வேண்டும். அதனால் குடியேறின முதல் வாரத்திலேயே ஷவரைச் சோதியுங்கள். குறையை எழுத்தில் கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

சுவரோடு சுவர் ஒட்டின வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டு ஆயா தன் சாமி விளக்கு வைத்த சுவர் ஓதம் அடிக்கிறது என்று சொன்னால் கோபப்படாமல் உங்கள் ஷவரைப் பாருங்கள். நடுச்சுவர் இருவருக்கும் பொது, தண்ணீருக்கு எல்லை தெரியாது. காப்பீட்டை நம்பி நாள் தள்ளவும் வேண்டாம்: திடீரென்று வெடித்த குழாய்க்குக் கொடுப்பார்கள், வருஷக்கணக்கான கசிவையும் மோசமான வேலையையும் பெரும்பாலான பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. குழாய் வெடித்திருந்தால் முதலில் தண்ணீரை மூடி, படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். வெட்டி எடுத்த குழாய்த் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். மதிப்பிட வருகிறவர் அதைத்தான் கேட்பார்.