மைக்ரோவேவில் வேகும் வான்கோழிக் கொத்துக்கறி

அமெரிக்கக் கடைகளில் வான்கோழிக் கொத்துக்கறி பெரும்பாலும் ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம் எடையுள்ள பொட்டலமாகக் கிடைக்கிறது. உறைந்து கல்லாகக் கிடக்கும் அந்தக் கட்டியை அப்படியே மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து முழுத் திறனில் ஓடவிட்டால், சில நிமிடங்களில் ஓரங்கள் வெளிறி, ரப்பர்போல இறுகிவிடும். நடுவிலோ கரண்டி இறங்காது. இது அடுப்பின் பழுதன்று, தண்ணீரின் இயல்பு.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் உருவாகும் அலைகள் விநாடிக்கு 245 கோடி முறை அதிர்கின்றன. நீர் மூலக்கூற்றின் ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் இருப்பதால், அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் அதுவும் திரும்ப முயன்று, பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுகிறது. அந்த அலைக்கழிப்புதான் வெப்பமாகிறது. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால் அவற்றால் அப்படித் திரும்ப இயலாது; அலைகள் பெரும்பாலும் அதை ஊடுருவிச் சென்றுவிடுகின்றன. ஆகவே ஓரத்தில் முதலில் உருகிய சிறு பகுதியே ஆற்றலை வாங்கிக்கொண்டு மேலும் சூடாகிறது, பனியோ பனியாகவே நிற்கிறது. உறைநீக்கத்துக்கான பொத்தானை அழுத்தினால் பல அடுப்புகள் அலையை விட்டுவிட்டுச் செலுத்துவது இதற்காகத்தான்: அலை நின்றிருக்கும் இடைவெளியில் ஓரத்துச் சூடு மெல்ல உள்ளே பரவுகிறது.

மைக்ரோவேவ் உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், இறைச்சிக்குள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் செல்வதற்குள் அலைகளின் வலு பெரிதும் குறைந்துவிடுகிறது. அதற்கப்பால் வெப்பம் கடத்தலால்தான் போய்ச் சேர வேண்டும். போதாக்குறைக்கு, அடுப்பின் உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் தேய்ந்தும் போகின்றன. சுழலும் தட்டு இதை ஓரளவு சமன் செய்தாலும், தட்டின் நடுவில் இருப்பது நடுவிலேயே இருக்கிறது. கறியை நடுவில் குழிவிட்டு வடைபோல வளையமாகப் பரப்புவதும், ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கட்டிகளை உடைத்து, ஓரத்தில் வெந்ததை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றுவதும் இதனால்தான் அவசியமாகின்றன.

கொத்துக்கறியில் இந்தச் சீரின்மையை அலட்சியமாக விடவே கூடாது என்பேன். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போதோ மேற்பரப்பே உள்ளே கலந்துவிடுகிறது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் கருதி, அரைத்த கோழி, வான்கோழி இறைச்சியின் எல்லாப் பகுதியும் 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை வரையறுத்திருக்கிறது. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்: பாதுகாப்பான வெப்பநிலையை எட்டிய பின்னும் வான்கோழி இளஞ்சிவப்பாக இருப்பதுண்டு, எட்டாமலேயே நிறம் மாறுவதும் உண்டு. உணவு வெப்பமானியை நான்கைந்து இடங்களில் குத்திப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. மூடி வைத்துச் சமைத்தால் நீராவி மேற்பரப்பையும் சூடாக வைத்திருக்கும். அடுப்பை நிறுத்தியபின் மூன்று நிமிடம் மூடியபடியே விட்டால், சூடான பகுதிகளிலிருந்து குளிர்ந்த பகுதிகளுக்கு வெப்பம் பரவும். வெப்பமானியை அதன் பிறகு வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கறி சாம்பல் நிறமாகவே இருக்கும். வறுத்த கறியின் பொன்னிறமும் மணமும், புரதக்கூறுகளும் சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரியும் மெயிலார்டு வினையால் வருபவை. அந்த வினை விறுவிறுப்பாக நடக்க 140 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. மைக்ரோவேவிலோ சுற்றியுள்ள காற்று சூடாவதில்லை, கறியில் ஈரம் இருக்கும் வரை அதன் வெப்பநிலையும் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பொன்னிறம் வேண்டுமென்றால், வெந்த கறியிலிருந்து இறங்கிய சாற்றை வடித்துவிட்டு, காய்ந்த இரும்பு வாணலியில் பரப்பிச் சில நிமிடம் கிளறாமல் விட வேண்டும். முதலில் சலசலவென்று நீர் வற்றும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் கறியின் அடிப்பக்கம் சிவக்கத் தொடங்கும்.