குறட்டை அழகல்ல

இந்த வாரத்தில் இது மூன்றாவது பக் நாய். நாக்கு நீலம் பாய்ந்து, நிற்க முடியாமல் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, எத்தனை நாளாக இப்படி மூச்சு விடுகிறது என்று கேட்டேன். "எப்போதுமே அப்படித்தான் டாக்டர். குறட்டைகூட விடும், கேட்க அவ்வளவு அழகாக இருக்கும்" என்றார்கள்.

அழகல்ல. அந்த இனத்தின் குணமும் அல்ல. தட்டை முகம் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக அதன் முக எலும்பைக் குறுக்கினோம். உள்ளிருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. மேல்வாயின் பின்பகுதியில் இருக்கும் மென்சதையான மென்னண்ணம் நீண்டு குரல்வளை வாயிலை மறைக்கிறது. மூக்குத் துளைகள் வெறும் கீற்றாகிவிட்டன. அந்த இடுக்கில் காற்று திணறும் ஓசையைத்தான் நீங்கள் ரசிக்கிறீர்கள். விழித்திருக்கும்போதும் அது கேட்டால் நிலைமை இன்னும் மோசம். "எல்லா பக்கும் இப்படித்தானே?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் இருப்பதால் நோய் நோயில்லை என்று ஆகிவிடாது.

பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் தாழ அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், சின்ன மூக்கு: இவற்றைக் கண்டால் நமக்கு அள்ளிக் கொஞ்சத் தோன்றும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். குழந்தையைக் காக்க வந்த உணர்வு அது. வேறொன்றின் குட்டிக்குப் பால் கொடுத்த தாய் நாய்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த நாயும் குட்டி முகத்துக்காக இன்னொரு நாயின் மூக்கைச் சுருக்கவில்லை. ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையின் மடிந்த காதும் இப்படித்தான். காதை மடிக்கும் குருத்தெலும்புக் குறைபாடு மூட்டுகளிலும் இருக்கிறது, வலிக்கிறது.

நெதர்லாந்தில், மூக்குப் பகுதி மண்டையின் நீளத்தில் பத்தில் மூன்று பங்குகூட இல்லாத நாயை 2019 முதல் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை.

ஏற்கெனவே வளர்க்கிறீர்களா? வெயிலில் நடத்தாதீர்கள், இரைத்தால்தான் நாயின் உடல் குளிரும், இதற்கு இரைக்கவே வழியில்லை. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டை போடுங்கள். எடையைக் குறையுங்கள். கண்ணைச் சுருக்கினால் அன்றைக்கே கொண்டுவாருங்கள், கருவிழியில் புண் இருக்கலாம். சூட்டில் துவண்டால் தண்ணீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே வாருங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இனி வாங்கப் போகிறவர்கள் குட்டியின் தாயையும் தகப்பனையும் மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூச்சைக் காதால் கேளுங்கள்.

அந்த மூன்றாவது நாய் பிழைத்துக்கொண்டது. மூக்கிலும் அண்ணத்திலும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறேன். அதற்குள் இரண்டு கிலோ இளைக்க வேண்டும்.