அன்ரிபைபிரினோலிற்றிக்: குருதிநார்க் கரைவுத் தடுப்பி

ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள பிள்ளைகளின் கிளினிக் கொப்பியில் 'ரனெக்சாமிக் அசிட்' என்ற பெயரைப் பார்க்கலாம். வீட்டுப் பேச்சில் அதை 'ரத்தத்தை உறைய வைக்கிற குளிசை' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் உறைந்ததைக் கரையவிடாமல் காப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை 'அன்ரிபைபிரினோலிற்றிக்' என்ற அதன் வகைப்பெயரே சொல்லிவிடுகிறது.

'அன்ரி' கிரேக்கத்தில் எதிர். 'பைபிரின்' லத்தீனில் நாரைக் குறிக்கும் 'பைப்ரா'விலிருந்து பிறந்தது. 'லிற்றிக்' என்ற முடிவு அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள்படும் கிரேக்க 'லைசிஸ்' வழி வந்தது.

காயத்தில் குருதிச் சிறுதட்டுகள் கூடி அடைக்க, பைபிரின் என்ற புரதம் நார் நாராகப் பின்னி அந்த அடைப்பை இறுக்கும். அப்புறம் பிளாஸ்மின் என்ற நொதியம் வந்து நாரை அறுத்துக் கரைக்கும். ஹீமோபிலியாவில் 8ஆம் அல்லது 9ஆம் உறைதற் காரணி (ரத்தம் உறைய உதவும் புரதம்) போதாமையால் நார் பிந்தி உருவாகிறது, நலிந்தும் இருக்கிறது. கரைவதோ சீக்கிரம். பிளாஸ்மினாக மாறவேண்டிய பொருள் நாரில் ஒட்டாதபடி ரனெக்சாமிக் அசிட் மறித்துக்கொள்கிறது. 1962இல் இதை உலகுக்குத் தந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உத்தாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும்.

தமிழில் 'குருதிநார்க் கரைவுத் தடுப்பி' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'உறைவூக்கி' என்பதை, போதாத காரணியை ஈடுசெய்யப் போடும் உறைதற் காரணி ஊசிக்கு விட்டுவிடலாம். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் ஆபத்து.

எச்சிலுக்கே நாரைக் கரைக்கும் தன்மை உண்டு. அதனால் பால்பல் விழும்போதும் பல் பிடுங்கும்போதும் இந்தக் குளிசை நன்றாக உதவும். மூக்கால் ரத்தம் வருவதற்கும், பெண்களின் அதிக மாதவிடாய்ப் போக்குக்கும் கொடுப்பார்கள். காரணி ஊசியைப் போலக் குளிர்ப்பெட்டியும் இதற்குத் தேவையில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் முழங்கால் வீங்கினாலோ தலையில் அடிபட்டாலோ குளிசையை நம்பி வீட்டில் இருக்கவேண்டாம். அங்கே காரணிதான் வேண்டும், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வலிக்கென்று அஸ்பிரின் கொடுக்கவும் கூடாது. சிறுநீரில் ரத்தம் போனால் டொக்டரைக் கேட்காமல் இந்தக் குளிசையைத் தொடவேண்டாம். கரையாத ரத்தக்கட்டி சிறுநீர் வழியை அடைத்துவிடலாம்.