ஹாலோவீன்: அர்ச்சியசிஷ்டவர்களின் முந்தைய ராத்திரி

எங்கள் பங்கின், அதாவது எங்கள் வட்டாரக் கோவிலின், மடலுக்கு மெய்ப்புத் திருத்துவது பத்து வருஷமாக என் வேலை. போன அக்டோபரில் வந்த தாளில் இரண்டு அறிவிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே, 'ஹாலோவீன் என்னும் பேய்த் திருவிழாவை நம் பிள்ளைகள் அடியோடு புறக்கணிக்க வேண்டும்.' கீழே, 'நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. திருப்பலிக்கு அனைவரும் வருக.' மேலே விரட்டப்பட்டதும் கீழே அழைக்கப்பட்டதும் ஒரே திருநாள்தான். எதை அடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் பேனாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லைப் பிரித்தால் ஹாலோ, ஈன். பூசணிக்காயைக் குடைந்து உள்ளே வெற்றிடமாக்கி வைப்பதால் 'ஹாலோ' என்று என் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். வீடு கட்டும் இடத்திலெல்லாம் 'ஹாலோ பிளாக்' என்று கேட்டுப் பழகிய காது அது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, வேரும் வேறு. இந்த 'ஹாலோ' பழைய ஆங்கிலத்தின் 'ஹால்கா'. பொருள், புனிதமானவர். 'ஹோலி' இதன் உடன்பிறப்பு. இன்னும் தோண்டினால் முழுமையானது, ஊனமில்லாதது என்ற பொருளில் போய் முடியும். பின்னாளில் லத்தீன் வழியாக வந்த 'செயின்ட்' அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பழைய சொல் இந்தத் திருநாளின் பெயரிலும், ஆண்டவர் கற்பித்த செபத்தில் 'ஹாலோட் பி தை நேம்' என்ற வரியிலுமாகத் தங்கிவிட்டது.

'ஈன்' என்பது 'ஈவன்', அதாவது சாயங்காலம். ஸ்காட்லாந்துக்காரர்கள் நடுவிலுள்ள 'வ'வை விழுங்கிவிட்டார்கள். இப்போதைய வடிவம் 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் வழக்கிலிருந்து வந்தது. திருநாளுக்கு முந்தைய மாலைக்கு ஏன் தனிப்பெயர் என்று கேட்கலாம். 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று' என்று ஆதியாகமமே மாலையிலிருந்துதான் நாளைக் கணக்கிடுகிறது. சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டால் ஞாயிறு பூசை கண்டதற்குச் சமம் என்று நாமும் அந்தக் கணக்கில்தானே நிம்மதியாகத் தூங்குகிறோம்.

ஆக, புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்தைய மாலை. அவ்வளவுதான். இந்தச் சொல்லில் பேய் எங்கேயும் இல்லை.

நாள் எப்படி அமைந்தது? ரோமையில் முதலில் மே 13. அந்தத் தேதியில்தான் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாப்பரசர் நான்காம் போனிபாஸ், பழைய ரோமைத் தெய்வங்களின் கோவிலான பாந்தியோனை மரியாளுக்கும் வேதசாட்சிகள் அனைவருக்கும் அர்ப்பணித்தார். 8ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரியார் புனித பேதுரு பேராலயத்தில் எல்லாப் புனிதருக்கும் ஒரு சிற்றாலயம் எழுப்பினார். திருநாள் நவம்பர் 1க்கு மாறியதை அதோடு இணைத்துச் சொல்வார்கள். 835இல் அந்தத் தேதி, இன்றைய பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்த பிராங்கு அரசு முழுக்கப் பரவியது. அயர்லாந்தில் அதே நாட்களில் குளிர்காலத்தை வரவேற்கும் பழைய பண்டிகை ஒன்று இருந்தது உண்மை. 'சம்ஹைன்' என்று எழுதி ஏறக்குறைய 'சாவின்' என்று உச்சரிப்பார்கள். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை! ஆனால் அந்தச் சொல்லுக்குக் கோடையின் முடிவு என்றே பொருள் சொல்வார்கள். ஊர் வழக்கமும் திருச்சபை நாளும் கலந்தன. பெயரைக் கொடுத்தது திருச்சபை.

ஹாலோவீனுக்குக் காயைக் குடைந்து முகம் வெட்டி வைக்கிற விளக்குக்கு அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு அங்கே பெரிதாக, மெத்தென்று கிடைத்தது பரங்கிக்காய். நமக்கும் அது வந்த காய்தான். பரங்கியர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. புதுவீட்டு வாசலில் கண்ணும் பல்லும் மீசையும் வரைந்து திருஷ்டிப் பூசணி கட்டுகிற ஊரில் இருந்துகொண்டு, முகம் வரைந்த காயைப் பார்த்து இவ்வளவு பதறுவதுதான் எனக்கு வேடிக்கை.

இன்னொரு வேடிக்கை உண்டு. இணையத்தில் சேலத்தையும் ஹாலோவீனையும் சேர்த்துத் தேடினால் நம்மூர் வராது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம் வரும். 1692இல் சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டு, ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்ற ஊர். இன்று அக்டோபர் முழுக்க அங்கே சுற்றுலாக் கூட்டம். அந்த ஊரை அமைத்தவர்கள் புனிதர் திருநாள் எதையும் ஒப்புக்கொள்ளாத தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்). கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659இல் மாசசூசெட்ஸில் சட்டமே போட்டார்கள். அவர்கள் ஊர்ப்பெயர் மெல்கிசேதேக்கு அரசாண்ட விவிலியச் சாலேம். நம் சேலத்துக்குச் சேரலம், சைலம் என்று வேறு வேர்கள் சொல்கிறார்கள், உறவு கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

என் பாட்டி சொன்ன சொல் 'சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள்'. அர்ச்சியசிஷ்டவர் என்றால் புனிதர். இப்போதைய பிள்ளைகளுக்கு நாக்கு சுளுக்கும். பழைய செபப் புத்தகங்களில் அது சுருங்கி 'அர்ச். சவேரியார்' என்று புள்ளியோடு நிற்கும். வடசொல்லை எடுத்துக் கிறிஸ்தவப் பொருள் ஏற்றுகிற வழக்கத்தை ஊன்றியவர், 1623இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கும் வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு, தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி. அந்தப் பழைய தமிழில் ஓர் அழகு இருந்தது. பாட்டி சொன்ன பரமண்டல மந்திரத்தில் 'உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக' என்று வரும். அர்ச்சிக்கப்படுவது கடவுளின் பெயர். அர்ச்சியசிஷ்டவர்கள் அவருடைய ஆட்கள். ஆங்கிலத்தில் 'ஹாலோட்', 'ஹாலோஸ்' இரண்டும் ஒரே வேரில் நிற்பதுபோல இங்கேயும் நின்றன. இப்போது செபத்தில் 'தூயது எனப் போற்றப்பெறுக', காலண்டரில் 'புனிதர் அனைவர்'. இரண்டும் நல்ல தமிழ், ஆனால் அந்த இணைப்பு அறுந்துபோயிற்று.

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் 'சகல பரிசுத்தவான்கள்' என்பார்கள். அதில் பொருளே சற்று விரியும். பவுல் தம் கடிதங்களில் பரிசுத்தவான்கள் என்று விசுவாசிகள் எல்லாரையும்தான் அழைக்கிறார், பீடத்தில் ஏற்றப்பட்டவர்களை மட்டும் அல்ல.

சீர்திருத்த சபையாருக்கு அக்டோபர் 31 வேறு வகையில் முக்கியம். 1517இல் அதே நாளில்தான் ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து எழுதிய 95 கருத்துகளை மயின்ஸ் பேராயருக்கு அனுப்பினார். விட்டன்பர்க் கோட்டைக் கோவில் கதவில் அறைந்தார் என்பது வழிவழிச் செய்தி. அந்தக் கோவிலின் பெயர் என்ன தெரியுமா? அனைத்துப் புனிதர்கள் ஆலயம். மறுநாள் திருநாளுக்கு அங்கிருந்த புனிதர்களின் எலும்பு முதலான திருப்பண்டங்களைக் காண வருகிறவர்களுக்குப் பாவத்தின் தண்டனை குறையும் என்ற காலம். புனிதர் திருநாளின் முந்தைய மாலையில், புனிதர் பெயரில் நடந்த வியாபாரத்தைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கும் என் லூத்தரன் நண்பர் இதை ஒவ்வொரு வருஷமும் எனக்கு நினைவூட்டுவார்.

ஹாலோவீனுக்கு மாற்றாக ஆட்கள் செய்வது என்ன? 2002இல் பாரிஸ் மறைமாவட்டம் 'ஹோலிவின்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. பிள்ளைகள் புனிதர் வேடம் போட்டு வரும் அந்த வழக்கம் பல நாடுகளுக்குப் போயிற்று. குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் வாங்கிய எலும்புக்கூடு உடைக்குப் பதில் கடையில் வாங்கிய குழந்தை தெரசா உடை என்றால் எனக்கு ஒட்டவில்லை. நமக்கு இருந்தது திருவிழிப்பு. முந்தைய மாலையில் கூடி, வாசித்து, காத்திருக்கிற வழிபாடு. 1955இல் வழிபாட்டு நாட்காட்டியைச் சுருக்கியபோது இந்தத் திருநாளின் விழிப்பும் போயிற்று. நாம் காலிசெய்த இடத்தில்தான் பிளாஸ்டிக் பூசணி வந்து உட்கார்ந்தது.

தமிழ்க் கிறிஸ்தவன் இந்த நாட்களில் உண்மையில் தவறவிடாதது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஏற்காட்டில் என் பாட்டியின் கல்லறை இருக்கிறது. வ.உ.சி. பூ மார்க்கெட்டில் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போவோம். முந்தைய வாரமே சுண்ணாம்பு அடித்திருந்தாலும் அன்றைக்கு சில்வர் ஓக் சருகு அப்பிக் கிடக்கும். சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே, அதாவது ஆசீர்வதித்துக்கொண்டே, வருவதற்குள் மூடுபனி இறங்கி மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைக்கும். அம்மா வீட்டிலிருந்தே கொட்டாங்குச்சிகள் கொண்டுவருவார், பக்கத்தில் ஓட்டை போட்டு. வத்தியை உள்ளே நிறுத்தினால் காற்று தொடாது, ஓட்டை வழியாக வெளிச்சம் மட்டும் வரும். டர்னிப்பைக் குடைந்தவனும் இதையேதான் யோசித்திருப்பான்.

ஆகவே ஹாலோவீனுக்கு என் தமிழ், 'புனிதர் அனைவர் திருவிழிப்பு'. பேச்சில் 'புனிதர் திருநாள் முந்தைய ராத்திரி' என்றாலும் தப்பில்லை. மடலில் மேல் அறிவிப்பை அடித்துவிட்டு, 'அக்டோபர் 31 மாலை 6.30 மணிக்குப் புனிதர் அனைவர் திருவிழிப்பு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்பினேன். பங்குத்தந்தையிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: "விழிப்புன்னா விடிய விடியவா?"