கரிமத்தின் சமூகச் செலவு: சொல் விளக்கம்

ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகக் காற்றில் கலந்தால் இனி வரும் பல தலைமுறைகளுக்கு அது விளைவிக்கும் சேதம் எவ்வளவு? பயிர் இழப்பு, வெப்பச் சாவுகள், கடல் கொள்ளும் நிலம் என எல்லாவற்றையும் கூட்டி, இன்றைய பண மதிப்பில் சொன்னால் அதுவே 'சோஷியல் காஸ்ட் ஆஃப் கார்பன்'. தமிழில் 'கரிமத்தின் சமூகச் செலவு'.

லத்தீனில் கரியைக் குறிக்கும் 'கார்போ'விலிருந்து வந்தது கார்பன். நம் கரிமமும் கரியிலிருந்தே பிறந்தது. ஆனால் பெயரில் கரிமம் இருந்தாலும் இன்று எடை போடுவது கார்பன் டை ஆக்சைடைத்தான். பழைய ஆய்வுகள் சில தனிக் கரிமத்துக்கே தொகை சொல்லும்; ஒரு டன் கரிமம் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும் என்பதால், அதை 3.67-ஆல் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

'சமூகச் செலவு' என்றதும் அரசின் நலத்திட்டச் செலவு என்று நினைத்துவிட வேண்டாம். ஆலைப் புகையால் அக்கம்பக்கத்தாருக்கு நேரும் நட்டம் ஆலைக்காரர் கணக்கில் ஏறுவதில்லை. இந்த இடைவெளியை 1920-இல் விளக்கியவர் பொருளியலாளர் ஆர்தர் பிகூ. அதைப் பருவநிலைக்கான கணித மாதிரியாக வளர்த்த பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹாஸ் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, சமூகம் என்றால் யார்? சிக்கலே இங்குதான். 2010-இல் அமெரிக்க அரசு உலகம் முழுவதற்குமான சேதத்தைக் கணக்கிட்டு, டன்னுக்குச் சுமார் 21 டாலர் என்றது. டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அமெரிக்காவுக்குள் நேரும் சேதம் மட்டுமே சமூகச் செலவாக எண்ணப்பட்டது. தொகை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2021-இல் மறுபடி உலகக் கணக்கு, 51 டாலர்.

இன்னும் பிறக்காதவர்களும் சமூகம்தானே? அவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் 'கழிவு வீதம்' முடிவு செய்கிறது; வருங்காலச் சேதத்தை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைத்து மதிப்பிடுவது என்பதே அது. நூறாண்டு கழித்து நேரும் 100 டாலர் சேதம், 3% வீதத்தில் இன்று சுமார் 5 டாலர். 2% என்றால் ஏறத்தாழ 14. 7% என்றால் வெறும் 12 சென்ட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் வீதத்தை 2% ஆக்கி, சேதக் கணக்கையும் புதுப்பித்தபோது தொகை 190 டாலரானது. வீதத்தைச் சொல்லாமல் தொகையை மட்டும் எழுதும் செய்திகளை நான் நம்புவதில்லை.

'டிஸ்கவுண்ட் ரேட்' என்பதைச் சிலர் தள்ளுபடி என்று எழுதுகிறார்கள். அது கடைச் சொல்லாகிவிட்டது. கழிவு வீதமே மேல். அப்புறம், கார்பன் விலையும் இதுவும் ஒன்றல்ல. விலை, வரியாகவோ சந்தையிலோ உமிழ்பவர் உண்மையில் கட்டுவது. சமூகச் செலவு, மற்றவர்கள் தலையில் விழுவதன் மதிப்பீடு.